தட்டிய கதவுகள்: சந்திரபாபுவின் இளமைக் காலம்

விடிவதற்கு முன்பே வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் தென்மாவட்டப் பேருந்துகள் வந்து நிற்கத் தொடங்கிவிடுகின்றன. 2023 டிசம்பர் 30ஆம் நாள் இம்முனையம் திறக்கப்பட்ட பிறகு, தூத்துக்குடியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வருகிறவர்களுக்குச் சென்னையின் முதல் மண் நம் பகுதியின் மண்தான். தோளில் ஒரு பை, கைபேசியில் நண்பனின் முகவரி, சட்டைப் பையில் கொஞ்சம் பணம். படிக்க வருகிறவர்கள், வேலை தேடி வருகிறவர்கள், சினிமாவில் ஒரு வாய்ப்புக் கிடைக்காதா என்று வருகிறவர்கள். ஞாயிறு திருப்பலியில் கோயிலின் கடைசித் தூணுக்கு அருகில் நிற்கும் புதிய முகங்களில் சில இவர்களுடையவை. திருப்பலி முடிந்ததும் நாம் அவரவர் வாகனத்தை எடுக்கப் போய்விடுகிறோம். அந்த முகங்களைப் பார்க்கும்போது, எண்பது ஆண்டுகளுக்கு முன் இதே சென்னைக்கு வந்த ஒரு கத்தோலிக்க இளைஞரின் நினைவு நமக்கு வருகிறது. தமிழகம் அவரைச் சந்திரபாபு என்று அறியும். திருமுழுக்குப் பெற்ற குடும்பம் அழைத்த பெயர் வேறு.

ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகோ. 1927ஆம் ஆண்டு தூத்துக்குடியில், கடலை நம்பி வாழ்ந்த பரதவர் குலத்தில் பிறந்தவர். அவ்வூர் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை ஏன் வைக்கிறார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. 1713இல் எழுப்பப்பட்டு, 1982இல் பேராலய நிலைக்கு உயர்த்தப்பட்ட பனிமய மாதா கோயில்தான் அந்த ஊரின் நெஞ்சு. ஆகஸ்ட் 5 அங்கே திருநாள். பனிமயதாசன் என்றால் பனிமய அன்னையின் ஊழியன். வீட்டில் அவரைப் பாபு என்று அழைத்தார்கள். தம் குலத்தைச் சந்திர குலம் என்று சொல்லிக்கொள்ளும் மரபிலிருந்து 'சந்திர' என்பதை எடுத்து அந்தப் பாபுவோடு சேர்த்துக்கொண்டது பிற்காலத்தில்.

தந்தை ஜோசப் பிச்சை ரொட்ரிகோ வசதியான குடும்பத்தவர். வசதியோடு இருந்திருந்தால் மகனின் கதை வேறாகியிருக்கும். அவரோ 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகையை நடத்தினார். பெயரைப் பார்த்தாலே வெள்ளையர் அரசுக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. பத்திரிகை முடக்கப்பட்டது. சத்தியாகிரகத்தில் ஈடுபட்ட தந்தை சிறை சென்றார். வெளியே வந்தபின் குடும்பத்தோடு இலங்கைக்கு அனுப்பப்பட்டார். பாபு அப்போது விவரம் அறியாத சிறுவர்.

நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவர்களை நாம் ஆகஸ்ட் 15 அன்று நினைக்கிறோம். கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிறோம். அவர்களுடைய பிள்ளைகள் எங்கே வளர்ந்தார்கள், எந்த ஊரில் என்ன மொழியில் விளையாடினார்கள், வீட்டில் அரிசி இருந்ததா என்றெல்லாம் நாம் கேட்பதில்லை. பாபு கொழும்பில் வளர்ந்தார். தந்தை அங்கே ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வேலை பார்த்தார். தூத்துக்குடிப் பரதவர்களுக்குக் கொழும்பு அந்நிய ஊர் அல்ல என்பது உண்மை. வணிகத்திற்காகத் தலைமுறைகளாகக் கடலைக் கடந்து போய்வந்தவர்கள் அவர்கள். கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலில் தமிழில் செபிக்கும் குரல்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் தானே விரும்பிப் போவது ஒன்று, துரத்தப்பட்டுப் போவது மற்றொன்று.

அந்தக் கொழும்பு அவருக்கு ஒன்றைக் கொடுத்தது. துறைமுக நகரம் அது. மேல்நாட்டு இசைத்தட்டுகள், ஆங்கிலப் பாட்டு, நடனம் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து மேய்ப்பர்கள் குரலைச் சட்டென்று உடைத்து உச்சிக்கு ஏற்றி இறக்கிப் பாடுவார்களே, யோடலிங் என்று அதைச் சொல்வார்கள். பிற்காலத்தில் தமிழ் சினிமாவில் அதைப் பாடிக்காட்டியவர் இவர். தாளத்திற்கு வளைந்து கொடுக்கும் உடலும், ஆங்கிலம் தயங்காமல் வரும் நாவும், கோட்டு சூட்டில் கூச்சமில்லாத நடையும் தூத்துக்குடியிலேயே இருந்திருந்தால் அவருக்கு அமைந்திருக்குமா என்பது ஐயமே. அதே நடையும் பேச்சும்தான் பின்னாளில் அவரைத் திமிர் பிடித்தவர் என்று பலரைச் சொல்ல வைத்தன.

1942ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசின. அடுத்த ஆண்டு, 1943இல், குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணியில் குடியேறினார்கள். தந்தைக்குத் 'தினமணி'யில் வேலை. பாபுவுக்கு வயது பதினாறு. பிறந்த ஊரும் வளர்ந்த ஊரும் இரண்டுமே கைவிட்டுப் போன நிலையில், மூன்றாவது ஊரில் அவர் தேர்ந்தெடுத்த வழி சினிமா. வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. இதற்காக நாம் பெற்றோரைக் குறை சொல்ல மாட்டோம். ஒரு கொள்கைக்காக எல்லாவற்றையும் இழந்த தகப்பன், பிள்ளையாவது நிலையான வேலையில் உட்கார வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இன்றும் எத்தனையோ வீடுகளில் நடக்கிற வழக்குத்தானே இது.

1947இல் 'மணிக்கொடி' எழுத்தாளர் பி. எஸ். ராமையா இயக்கிய 'தன அமராவதி'யில் சிறு வேடம் கிடைத்தது. அத்தோடு கதவு திறந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. அடுத்த நான்கைந்து ஆண்டுகள் அவர் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்தார். பாடிக்காட்டினார், ஆடிக்காட்டினார், நடித்துக்காட்டினார். எம். எஸ். விஸ்வநாதன் அப்போது இசையமைப்பாளர் ஆகாத காலம், உதவியாளராக இருந்தார். இவர் பாடிக்காட்டியது வசனம் பேசுவதுபோல் இருக்கிறது என்று அவரும் சரிப்படாது என்றுதான் சொன்னாராம். பின்னாளில் அந்த விஸ்வநாதனே இவருடைய உயிர் நண்பரானார்.

அன்றைய சென்னையில் வாய்ப்பு என்றால் ஜெமினி ஸ்டூடியோ. இன்று அண்ணா மேம்பாலம் என்று பெயர் இருந்தாலும் நாம் ஜெமினி பாலம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அந்தப் பாலத்தருகே இருந்தது அது. அதன் அதிபர் எஸ். எஸ். வாசனை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும் என்பது அங்கே காத்துக்கிடந்த நூற்றுக்கணக்கானோரின் கனவு. பாபுவுக்கு அந்தச் சந்திப்பு கிடைக்கவே இல்லை. 1950களின் தொடக்கத்தில் ஒரு நாள், வாசனுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, ஸ்டூடியோ வளாகத்திலேயே நஞ்சை விழுங்கிவிட்டார். வயது இருபத்தைந்து இருக்கலாம். அங்கிருந்தவர்கள் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். உயிர் பிழைத்தது.

பிழைத்தவரைக் காத்திருந்தது போலீஸ். தற்கொலைக்கு முயல்வது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று நீதிபதி கேட்டார். அவர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையில் சுட்டுக்கொண்டார் என்றும், சுட்டது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, எனக்கு வலிப்பது உங்களுக்குத் தெரியாது என்ற பொருளில் பதில் சொன்னார் என்றும், நீதிபதி மனமிரங்கி விடுவித்தார் என்றும் அவரைப் பற்றி எழுதிய பலரும் சொல்கிறார்கள். சினிமாக் காட்சி போல இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வேதனையைச் சொல்வதற்கு நடிப்பைத் தவிர வேறு மொழி தெரியாத ஒருவர், நீதிமன்றத்திலும் அதைத்தான் பேசினார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அன்று அவருடைய உயிர் போயிருந்தால், பனிமய அன்னையின் பெயரைச் சுமந்த அந்த இளைஞனுக்குக் கிறிஸ்தவ அடக்கம் கிடைப்பதே கடினமாகியிருக்கும். அன்று நடைமுறையில் இருந்த 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், அறிந்தே தன்னை மாய்த்துக்கொண்டவர்களுக்கு, மனம் வருந்திய அடையாளம் இல்லையென்றால், திருச்சபை அடக்கத்தை மறுத்தது. நம் பங்குகளில் பெரியவர்களைக் கேட்டால், கல்லறையின் மதிலுக்கு வெளியே புதைக்கப்பட்டவர்களைப் பற்றித் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். 1983ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில், அடக்கம் மறுக்கப்படுவோரின் பட்டியலில் இவர்கள் இல்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, தன்னுயிரை மாய்ப்பது தவறு என்பதை விட்டுக்கொடுக்காமலேயே, கடும் மன உளைச்சலும் பெரும் துன்பமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் சொல்கிறது. நாட்டின் சட்டமும் மெல்ல அதே பக்கம் நகர்ந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அந்த நீதிபதி சட்டம் மாறும்வரை காத்திருக்கவில்லை.

இன்று அந்த இருளில் நிற்கும் ஒருவர் நம் வீட்டிலோ அன்பியத்திலோ இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், தமிழக அரசின் 104 என்ற எண்ணிலும் பேசலாம். இவ்விரண்டு எண்களும் கோயில் அறிவிப்புப் பலகையில், திருமண அறிக்கைக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன என்று நாம் பல நாள் யோசித்ததுண்டு.

அதன்பின் வாசனே தம் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு இடம் கொடுத்தார். 1952இல் அது வெளிவந்தது. பிறகு நடந்தது தமிழர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 'புதையல்', 'சபாஷ் மீனா' என்று படங்கள் வந்தன. 1958இல் வந்த 'சபாஷ் மீனா'வில் சிவாஜி கணேசனுக்கு இணையாக இரட்டை வேடத்தில் நின்றார். அவர் திரையில் விழுந்து எழுந்தால் கொட்டகை அதிர்ந்தது. அவரே பாடிய பாடல்களில் பாதி சிரிப்பு, பாதி நெஞ்சைப் பிசையும் சோகம். எல்லைப் படைவீரர்களை மகிழ்விக்கச் சென்ற கலைஞர் குழுவோடு தில்லி போனபோது, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னால் பாடி, அவர் பாராட்டியதும் ஓடிப்போய் அவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். உடனிருந்த விஸ்வநாதன் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்ன நிகழ்ச்சி இது. மற்றவர்கள் பயந்துபோனார்கள். சிறு வயதிலேயே ஊரும் வீடும் இழந்து வளர்ந்த ஒரு பிள்ளை, பெரிய மனிதர் ஒருவர் அன்பாகப் பேசியதும் மடியில் ஏறிக்கொண்டது போலத்தான் நமக்குப் படுகிறது.

மணவாழ்வு நிலைக்கவில்லை. தாம் மணந்த பெண்ணின் மனம் வேறொருவரிடம் இருப்பதை அறிந்து, கோபப்படாமல் அவரை அவர் விரும்பிய வாழ்வுக்கே அனுப்பி வைத்தார். தாமே தயாரிக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' நின்றுபோனது. ஆசையாகக் கட்டத் தொடங்கிய வீடு கடனில் போனது. குடிப்பழக்கம் உடலைத் தின்றது. இந்தப் பகுதியை விரித்து எழுதியவர்கள் நிறையப் பேர் இருப்பதால் நாம் விரைந்து கடக்கிறோம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1966இல் அவர் தாமே ஒரு படத்தை இயக்கினார். சாவித்திரி அதில் நடித்தார். நகைச்சுவை நடிகர் எடுக்கும் படம் என்றால் வேடிக்கையாக ஏதாவது பெயர் இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். அவர் வைத்த பெயர் 'தட்டுங்கள் திறக்கப்படும்'. மத்தேயு நற்செய்தியின் 7ஆம் பிரிவை அறிந்த எவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஜெமினியின் வாசலில் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து, உள்ளேயே நஞ்சருந்தி விழுந்த ஒருவர், பதினான்கு ஆண்டுகள் கழித்து ஒரு படத்திற்குப் பெயர் தேடியபோது, சிறுவயதில் கோயிலில் கேட்ட அந்த வாக்குதான் அவர் நாவில் வந்திருக்கிறது. படம் ஓடவில்லை.

1974 மார்ச் 8ஆம் நாள் அவர் இறந்தார். நாற்பத்தாறு வயது. சாந்தோமை அடுத்த குயிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

2002இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவாகும் வரை நம் வண்டலூர்ப் பகுதியும் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தில்தான் இருந்தது. எனவே நம்மில் சிலருடைய தாத்தா பாட்டிமார் இன்றும் அந்த நகரக் கல்லறைகளில்தான் உறங்குகிறார்கள். நவம்பர் 2 அன்று மின்சார ரயிலில் மாலையும் மெழுகுதிரியுமாகப் போகிற குடும்பங்கள் உண்டு. குயிபிள் ஐலண்டுக்குப் போகிறவர்கள் இந்த ஆண்டு ஒரு மெழுகுதிரி கூடுதலாக எடுத்துச் செல்லலாம். செபத்தில் பெயர் சொல்ல வேண்டுமானால், பனிமயதாசன் என்றே சொல்லலாம்.