திருவுருவம் தீட்டிய துறவி: கோவில்பட்டி கொண்டையராஜு

அடியவர் எவ்வுருவை விரும்பி நினைக்கின்றனரோ அவ்வுருவையே ஏற்று எழுந்தருள்பவன் எம்பெருமான். இவ்வெளிமையையே ஆசாரியர்கள் சௌலப்யம் என்று போற்றினர். ஆலயக் கருவறையில் விளங்கும் அந்த எளிமை ஏழையின் மண்சுவரிலும் விளங்கத் தம் வாழ்வை அர்ப்பணித்தவர் ஓவியர் சி. கொண்டையராஜு.

1898ஆம் ஆண்டு சென்னை மயிலையில் பிறந்த இவர், சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். கைத்தொழில் கைவந்த இளமையிலேயே உள்ளம் துறவை நாடிற்று. திருவண்ணாமலை சென்று பகவான் ரமணரின் ஆசிரமத்தில் சிலகாலம் தங்கினார். தூரிகையா, துறவா என்னும் வினா அவர்முன் நின்றது. இரண்டில் எதையும் அவர் கைவிடவில்லை. இல்லறம் ஏற்காமல் எளிய வாழ்வு வாழ்ந்துகொண்டே தூரிகையையும் ஏந்தினார்.

பின்னர் நாடகக் குழுவொன்றில் சேர்ந்து படுதாக்களில் காட்சிகள் எழுதினார். 1940களில் கோவில்பட்டியில் அக்குழு கலைந்தது. வீடில்லை, மனைவி மக்களில்லை, நிலையான வருவாயும் இல்லை. பிறந்த சென்னைக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் மழை பொய்க்கும் அக்கரிசல் சீமையிலேயே தங்கிவிட்டார். அவருடைய குடும்பமாக அமைந்தவர்கள் மாணாக்கர்களே.

அவரிடம் கல்வி பழைய குருகுல முறையில் நடந்தது. குருவின் அருகிலிருந்து, அவர் கோடிழுப்பதைக் கண்டு, வண்ணம் கலந்து கொடுத்து, பின்னர் தாமே தூரிகை பிடித்து மாணாக்கர் தேறினர். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், செண்பகராமன் முதலியோர் இவ்வழி வந்தவர்கள். சில படங்களில் குருவின் பெயரும் சுப்பையாவின் பெயரும் இணைந்தே காணப்படும். தம் புகழை மாணாக்கனோடு பங்கிட்டுக் கொள்வதும் ஒரு துறவன்றோ!

அருகிலுள்ள சிவகாசியின் அச்சகங்கள் அப்படங்களை நாட்காட்டிகளாக்கி நாடெங்கும் பரப்பின. இலக்குமி, கண்ணன், இராமபிரான் பட்டாபிடேகம், முருகன் எனப் பல திருவுருவங்கள் அவர் கையில் மலர்ந்தன. மீனாட்சி திருக்கல்யாணப் படம் பெரும்புகழ் எய்தியது. தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கும் திருமாலின் கோலம், சைவ வைணவ வேற்றுமையின்றி அனைவர் இல்லத்தையும் அடைந்தது. நாடக மேடை தந்த ஒளியழகும், கோயிற் சிற்பம் தந்த இலக்கணமும் அவர் ஓவியங்களில் ஒன்றாயின.

விளாத்திகுளம், நாகலாபுரம் வட்டாரங்களைப் போன்ற கரிசல் ஊர்களில், பருத்தியும் கம்பும் விளைவித்து உழைக்கும் மக்கள் திருவேங்கடத்திற்கும் திருவரங்கத்திற்கும் நினைத்தபோதெல்லாம் செல்ல இயலாது. ஆண்டு முடிந்து தேதித்தாள்கள் தீர்ந்தபின்னும் படத்தை எறிய மனம் வராது. கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டுவர், பொட்டிடுவர், மாலையில் விளக்கேற்றிக் கைகூப்புவர். கடைக்காரரின் விளம்பரமாக வந்த தாள் இவ்வாறு பூசைக்குரிய திருவுருவமாயிற்று.

1976இல் கொண்டையராஜு மறைந்தார். அவர் தேடிவைத்த செல்வம் மாணாக்கர் பரம்பரையும், எண்ணற்ற இல்லங்களில் நிலைத்த தெய்வத் திருமுகங்களுமே. செய்யும் தொழிலே வழிபாடு, கற்பித்தலே கைங்கரியம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. திருவிழாவில் எம்பெருமானைச் சேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், சுவரிலுள்ள பழைய படத்தின் முன் விளக்கேற்றும்போது, அத்திருமுகத்தை எழுதிய கையையும் ஒருகணம் நினைத்தல் தகும்.