கண் இருண்டது, கணக்கு இருளவில்லை!

கண்ணொளி மங்கியதும் கடமை முடிந்ததென்று ஓய்ந்து அமர்ந்தோரை நாம் அறிவோம். ஓயாத ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம். அவர் பெயர் லியோனார்டு ஆய்லர்.

1707-ல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் பிறந்தார். தந்தை பாதிரியார்; மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனின் மனமோ கணக்கில்! பேராசிரியர் ஜொஹான் பெர்னூலி எடுத்துச் சொல்ல, தந்தை இசைந்தார். 1727-ல், இருபது வயதில், பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் வேலை கிடைத்தது.

அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்றை மட்டும் பார்ப்போம். சுவரில் ஏணி சாய்ந்திருக்கிறது. உயரம் பத்தடி, சுவருக்கும் ஏணிக்காலுக்கும் இடைவெளி பத்தடி. தரையோடு அமையும் கோணம் 45 டிகிரி. கோணம் தெரிந்தால் விகிதம் காண்பது ஒரு கணக்கு. விகிதம் தெரிந்து கோணம் காண்பது அதன் தலைகீழ்க் கணக்கு.

உயரம் அதே பத்தடி. இடைவெளி இருபதடியானால் கோணம் 26½ டிகிரிக்குச் சற்று மேல். முப்பதடியானால் 18½ டிகிரிக்குச் சற்றுக் கீழ். இரண்டையும் கூட்டுங்கள்: மிகாமல், குறையாமல் 45! வட்டத்தின் எட்டில் ஒரு பங்கு அது. பெரிய கோணத்தைச் சிறு கோணங்களாக உடைத்தால், ஒவ்வொன்றின் வில்லையும் எளிதில் அளந்து, வட்டத்தின் சுற்றளவையே கண்டுவிடலாம். இந்த வழியை ஆய்லர் விரிவாக்கினார்.

1741-ல் பெர்லின் சென்றார். வலக்கண் பார்வை முன்பே போயிருந்தது. ஒற்றைக் கண்ணன் என்று எள்ளினான் மன்னன் இரண்டாம் பிரடெரிக். ஏளனம் செய்தவன் முடிதரித்தவன். ஏளனத்துக்கு ஆளானவரோ உழைப்பாளி. 1766-ல் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். அங்கே மறுகண்ணும் மங்கியது. 1771-ல் முற்றிலும் இருள். அதே ஆண்டு வீடு தீப்பற்றியது. தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தவர் பீட்டர் கிரிம் என்ற கைத்தொழிலாளி.

இன்னொரு தொழிலாளியையும் நாம் மறக்கலாகாது. ஆய்லர் தம் இயற்கணித நூலை வாயால் சொல்லச் சொல்ல எழுதியவன், தையல் தொழில் பழகிய ஓர் இளைஞன். கணிதம் கற்றவனல்லன். நூல் முடிந்தபோது, அதன் கடினமான கணக்குகளையும் தானே போடுமளவு தேறிவிட்டான்! ஊசி பிடித்த கைக்கு உயர்ந்த கணிதம் எட்டாது என்பார்க்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா? சொல்லும் முறை தெளிவாயிருந்தால் கேட்பவன் அறிவு மலரும்.

1779-ல், எழுபத்திரண்டு வயதில், ஏழில் ஒரு பங்கு என்ற விகிதத்தின் கோணத்தை ஐந்து மடங்கும், எழுபத்தொன்பதில் மூன்று பங்கு என்பதன் கோணத்தை இரு மடங்கும் சேர்த்து அதே 45 டிகிரியைக் கட்டிக் காட்டினார். இதைக் கொண்டு வட்டத்தின் விகிதத்தை இருபது தசம இலக்கம் வரை காண ஒரு மணி நேரம் போதுமாயிற்று.

1783 செப்டம்பர் 18-ல், எழுபத்தாறு வயதில், ஆய்லர் மறைந்தார். அன்றும் கணக்கிட்டுக்கொண்டுதான் இருந்தார். பார்வை தராத வெளிச்சத்தைப் பயிற்சி தந்தது. அந்தப் பயிற்சி யாருடைய தனிச்சொத்தும் அன்று. தையற்கார இளைஞனும் அதற்குச் சாட்சி!