12 மாலுமிகள், 6 ஜோடிகள்: மருந்துச் சோதனைக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் லிண்ட்

18-ம் நூற்றாண்டில் பிரிட்டன் கடற்படையை வாட்டியெடுத்த நோய் ஸ்கர்வி. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன காயம்கூட மறுபடி திறந்துகொள்ளும். மாதக்கணக்கில் கடலில் கிடந்தவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள்; எது கேட்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

அதைச் செய்தவர், 1716-ல் எடின்பரோவில் பிறந்த ஜேம்ஸ் லிண்ட். 1747-ல் ‘சாலிஸ்பரி’ போர்க்கப்பலின் மருத்துவர். மே 20 அன்று 12 நோயாளிகளை ஒரே இடத்தில் படுக்க வைத்து, ஒரே சாப்பாடு கொடுத்தார். ஏன்? சாப்பாடும் இடமும் மாறினால், குணமானது மருந்தாலா, வேறு எதனாலா என்று சொல்ல முடியாதே! பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் சைடர், மற்றவர்களுக்கு கந்தக அமிலச் சொட்டு மருந்து, வினிகர், கடல் நீர், பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த உருண்டை. மிச்சமிருந்த ஜோடிக்குத் தினமும் ஆளுக்கு 2 ஆரஞ்சு, 1 எலுமிச்சை.

ஆறே நாளில் பழம் தீர்ந்துபோச்சு. அதற்குள் ஒருவர் வேலைக்குத் திரும்பத் தயார். இன்னொருவர் மற்ற நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். சைடர் குடித்தவர்களுக்குக் கொஞ்சம் பலன். மற்றவர்களுக்குச் சொல்லும்படி எதுவும் இல்லை.

இன்றைய கணக்கில் இதில் ஓட்டைகள் உண்டு. ஜோடிக்கு இரண்டே பேர் என்பது ரொம்பக் குறைவு. அதிலும் நோய் முற்றிய இருவரை கடல் நீர் ஜோடியில் சேர்த்தது லிண்டேதான். அப்படியானால் கடல் நீர் ஜெயிக்க வாய்ப்பே இல்லையே. இப்போது யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்வதில்லை, சீட்டுக் குலுக்குவது போலப் பிரிப்பார்கள். யாருக்கு எது போகிறது என்பது முடியும்வரை நோயாளிக்குத் தெரியாது, பல சோதனைகளில் மருத்துவருக்கும் தெரியாது.

கொடுமை அதற்கப்புறம்தான். விடை கையில் இருந்தும் லிண்ட் அதை அழுத்திச் சொல்லவில்லை. 1753-ல் வந்த அவரது தடிமனான நூலில் இந்தச் சோதனைக்குச் சில பத்திகள்தான். ஈரக் காற்றும் நோய்க்குக் காரணம் என்றே நம்பினார். பழம் கெட்டுப்போகும் என்பதால், சாற்றைச் சூடாக்கி வற்றவைத்துக் குப்பியில் அடைக்கச் சொன்னார். சூட்டில் வைட்டமின் சி அழியும் என்பது அன்று யாருக்குத் தெரியும்? அந்தப் பாகு கப்பலில் நடந்த சோதனையில் இல்லவே இல்லை.

1758 முதல் ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையை நடத்திய லிண்ட், 1794-ல் இறந்தார். கில்பர்ட் பிளேன் என்ற மருத்துவர் வற்புறுத்தி, கப்பல்களில் எலுமிச்சைச் சாறு கொடுக்க கடற்படை ஒப்புக்கொண்டது 1795-ல். சோதனை முடிந்து அதற்குள் 48 வருஷம் ஓடியிருந்தது.