நுளம்பைக் கணக்கிட்ட வைத்தியர்: சேர் றொனால்ட் றொஸ்

மலேரியாச் சுரத்தைப் பரப்புவது நுளம்பே என நிறுவியவர் சேர் றொனால்ட் றொஸ் என்பதை நம் மாணவர் அறிவர். அவர் கணிதத்தாற் செய்த தொண்டினை அறிந்தார் சிலரே. அதனையே ஈண்டு நாம் சிறப்பாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

இமயச் சாரலிலுள்ள அல்மோராவில் 1857இற் பிறந்த றொஸ், தந்தையார் விருப்பத்திற்கிணங்கி வைத்தியம் பயின்று, 1881இல் இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்தார். அவருள்ளம் தோய்ந்ததோ கவிதையிலும் கணிதத்திலுமே. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் சிக்கந்தராபாத்தில் நுளம்பின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு பெற்றார்.

காரணம் தெரிந்தும் நோய் ஒழியவில்லை. லாகூரை அடுத்த மியன் மீர் படைமுகாமில் நுளம்பொழிப்பு முயற்சி பயன்தராது போயிற்று. நுளம்பனைத்தையும் அழித்தல் இயலாது. ஆதலின் அது வீண் செலவென்றனர் பலர். அனைத்தையும் அழிக்கவேண்டியதில்லை என்று றொஸ் கணக்கினாற் காட்டினார். மொறீசியசுத் தீவிற்குச் சென்று, சிறுவர்களின் மண்ணீரல் வீக்கத்தைச் சோதித்து நோயின் அளவை மதிப்பிட்டு, 1908இல் அறிக்கை எழுதினார்.

மாணவர் விளங்குதற்பொருட்டு ஓர் உத்தேசக் கணக்கு: நோயாளியின் அருகே 48 நுளம்புகள் உள்ளன என்க. காற்பங்காகிய 12 அவரைக் கடிக்கின்றன. ஒட்டுண்ணி முதிரும்வரை உயிர்வாழ்வன அவற்றுள் மூன்றிலொரு பங்கு, அதாவது 4. அவற்றுள்ளும் ஒன்றே மீண்டும் மனிதரைக் கடிக்கின்றது. இதற்கிடையில் நோயாளி குணமடைதலும் உண்டு. எனவே நுளம்பின் தொகை ஓரெல்லைக்குக் கீழே தாழுமாயின், ஒரு நோயாளியினின்று ஒரு புதிய நோயாளிதானும் தோன்றான். நோய் தானே தேய்ந்து மறையும். எவ்வளவு பணத்தை எவ்விடத்திற் செலவிடுவதென அரசினர் தீர்மானிக்க இவ்வெல்லை உதவுவதாயிற்று.

இக்கணிதத்தை அவர் 1911இற் சமன்பாடுகளாக விரித்தார். அவரால் ஊக்கம்பெற்ற மக்கென்றிக், கேர்மாக் என்பாருடன் 1927இல் வெளியிட்ட ஆய்வு, தொற்றுநோய்க் கணிதத்திற்கு அடிப்படையாயிற்று. றொஸ் கடுங்குணத்தர், கண்டுபிடிப்பின் முதன்மை குறித்து இத்தாலிய அறிஞர் கிராசியுடன் நெடுங்காலம் பிணங்கியமை அவருக்கு அழகு செய்வதன்று.

1932இல் அவர் காலமானார். ஈராண்டிற்குள் இலங்கையில் மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. நுளம்பு எல்லை கடந்து பெருகிற்று. 1934-35இற் பரவிய மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 உயிர்கள் பலியாயின. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அந்நோயைக் காவும் நுளம்பு இன்றும் இங்குண்டு.