விண்வழி வகுத்த றொபேட் கொடாட்

உலகம் இன்று போற்றும் பெரியோருட் பலர் தம் வாழ்நாளில் நகைப்புக்கு ஆளானவர்கள். அன்னாருள் ஒருவராகிய றொபேட் கொடாட் என்பாரின் வரலாற்றை இம்மலர் வாயிலாகச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

கொடாட் 1882ஆம் ஆண்டு ஒக்தோபர் 5ஆந் திகதி, அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். இளமையில் நோய் அவரை வாட்டியது. பள்ளிப் படிப்பும் தடைப்பட்டது. 1899ஆம் ஆண்டு ஒக்தோபர் 19ஆந் திகதி, செரி மரமொன்றின் பட்ட கிளைகளைத் தறிக்க ஏறிய அப்பதினேழு வயது இளைஞர், செவ்வாய்க் கிரகத்துக்குச் செல்லும் பொறியொன்றை மனக்கண்ணிற் கண்டார். அந்நாளைத் தம் ஆயுள்முழுதும் நினைவுகூர்ந்து வந்தார்.

1911இற் கிளாக் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1913இற் சயரோகம் பற்றியது. பிழைப்பது அரிதென்றே கருதப்பட்டது. பிழைத்தெழுந்த அவர், மறு ஆண்டிலேயே திரவ எரிபொருளால் இயங்கும் றொக்கெற்றுக்கும் பல அடுக்கு றொக்கெற்றுக்கும் ஆக்கவுரிமை பெற்றார்.

வாணம் காற்றை உதைத்தே மேலெழுகின்றது என்று பலர் எண்ணினர். அஃது உண்மையன்று. வாயு கீழ்நோக்கிப் பாய, அதன் எதிர்விசை றொக்கெற்றை மேல்நோக்கித் தள்ளுகின்றது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே. காற்று நீக்கிய குழாயினுள்ளும் உந்துவிசை உண்டாவதைக் கொடாட் பரிசோதனையால் நிறுவினார். சிமித்சோனியன் நிறுவனம் 1917இல் 5,000 டொலர் உதவிற்று.

அவருடைய ஆய்வுரையில், சந்திரனுக்கும் றொக்கெற் அனுப்பலாம் என்றொரு குறிப்பு இருந்தது. 1920 சனவரி 13ஆந் திகதி, நியூ யோர்க் டைம்ஸ் பத்திரிகை, வெற்றிடத்தில் றொக்கெற் இயங்காது என்றும், பள்ளி மாணவர் அறிந்ததும் இவர் அறியார் என்றும் ஆசிரியவுரையில் எள்ளியது. பிழை பத்திரிகையினுடையது, புண்பட்டவரோ கொடாட். அதன்பின் தம் ஆராய்ச்சியைப் பிறரறியாது காத்தார். அதனால் உலகம் இழந்தது சிறிதன்று.

எனினும் முயற்சி தளரவில்லை. 1926 மார்ச் 16ஆந் திகதி, ஓபேண் என்னும் ஊரில், உறவினப் பெண்ணொருவரின் பண்ணையிற் பெற்றோலும் திரவ ஒட்சிசனும் எரிய, உலகின் முதலாவது திரவ எரிபொருள் றொக்கெற் எழுந்தது. பறந்தது இரண்டரை விநாடி. உயரம் 41 அடி. வீழ்ந்தது 184 அடி தூரத்தில். காலால் நடந்து கடக்கும் அத்தூரமே சந்திர யாத்திரையின் முதலடி.

1929 யூலை 17ஆந் திகதி ஏவிய றொக்கெற்றின் பேரொலி கேட்டு, விமானம் வீழ்ந்ததென அயலார் அஞ்சினர். அம்மாநிலத்தில் மேலும் ஏவுதல் தடுக்கப்பட்டது. விமானி லின்ட்பேக் பரிந்துரைக்க, குகன்கைம் குடும்பத்தார் பொருளுதவி புரிந்தனர். 1930இல் நியூ மெக்சிக்கோவின் றொஸ்வெலுக்குப் பெயர்ந்தார். ஆங்கு 1935இல் அவருடைய றொக்கெற் 7,000 அடிக்கு மேல் எழுந்தது.

1945 ஓகத்து 10ஆந் திகதி கொடாட் மறைந்தார். அவர் பெயரிலமைந்த ஆக்கவுரிமைகள் 214. அவற்றுட் பல, துணைவியார் எசுதர் அம்மையாரின் முயற்சியால் அவர் மறைந்தபின் கிடைத்தவை. 1969 யூலை 17ஆந் திகதி, அப்பலோ 11 சந்திரனை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளையில், அப்பத்திரிகை தன் பிழையை ஒப்புக்கொண்டது. ஓபேணில் மக்கள் அஞ்சிய அந்நாளுக்குச் சரியாக நாற்பது ஆண்டு நிறைந்த நாள் அது. அதனைக் கேட்கக் கொடாட் இல்லை.

இன்று அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் பெரிய றொக்கெற்றுகளை அமைத்து ஏவுவோர் பலர். படிப்படியாகத் தகுதி பெற்றும், பரகூற்றினாற் பத்திரமாக மீட்டும் அவர்கள் அதனைச் செய்கின்றனர். அன்று ஒருவர் தனித்து நடந்த பாதை அது.

வகுப்பறையில் மாணவனொருவனின் விசித்திரமான வினாவைக் கேட்டு நாமும் நகைத்ததுண்டு. அவன் பின்னர் வினவவேயில்லை. கொடாட்டின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அம்மாணவனின் முகமே நம் நினைவில் எழுகின்றது. மாணவரே, நகைப்புக்கு அஞ்சி வினவாது விடாதீர். ஆசிரியரே, ஆராயாது நகையாதீர்.