சிம்சன் அனந்தராமகிருஷ்ணன்

புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தோர்க்கு ஆலைச் சங்கின் ஒலி புதிதன்று. பக்கிங்காம் கர்னாடிக் ஆலைகளையும், 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தக் கலவரத்தில் நம் மக்களின் குடிசைகள் எரிந்த கொடுமையையும் நம் முதியோர் வாயிலாக அறிந்துள்ளோம். தறி நின்ற கூடத்தை அறிந்த நாம், ஆலையை நடத்தியோர் அமர்ந்த அறையை அறிந்திலோம். அத்தகைய அறையினுள் இந்தியர் ஒருவர் எவ்வாறு சென்றார் என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும். அதன்பொருட்டே, அண்டையிலுள்ள செம்பியத்தைத் தொழில் நகராக்கிய திரு. அனந்தராமகிருஷ்ணன் அவர்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோம்.

அன்னார் 1905இல் ஆழ்வார்திருநகரியில் அந்தணர் குலத்தில் தோன்றினார். சென்னையில் ஃபிரேசர் அண்டு ராஸ் என்னும் தணிக்கை நிறுவனத்தில் பணியாற்றினார். பிறர் கணக்கேடுகளை ஆராய்வதே தணிக்கையாளர் தொழில். எப்பண்டத்தில் ஆதாயம், எங்கே முதல் முடங்கிக் கிடக்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பா. 1935இல் சிம்சன் கம்பெனியின் செயலாளரானார். 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய வெள்ளையர் கம்பெனி அது.

இங்கே ஒன்று கூறியாக வேண்டும். கணக்கர் நாற்காலி அந்நாளில் நம்மவர்க்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பள்ளி வாயிலிலேயே தடுக்கப்பட்ட பிள்ளைகள் தணிக்கைப் படிப்பை எங்ஙனம் எண்ணிப் பார்ப்பர்? அதனை மறைத்துவிட்டு அவருடைய திறமையை மட்டும் போற்றுதல் நேர்மையாகாது. எனினும் வெள்ளையர் நிறுவனத்தின் தலைமை எந்த இந்தியருக்கும் எளிதில் கிட்டியதன்று என்பதும் மெய்யே.

1938இல் அமால்கமேஷன்ஸ் நிறுவனம் தோன்றிற்று. 1945இல் அவர் சிம்சன் தலைவரானார். அடிசன் கம்பெனி, ஹிக்கின்பாதம்ஸ் புத்தகசாலை, மெயில் நாளிதழ் எனப் பல நிறுவனங்கள் அக்குழுமத்துள் வந்தன.

வாங்கிச் சேர்த்ததினும் அவர் புதிதாய் உண்டாக்கியதே பெரிதென்பது எம் கருத்து. அந்நாளில் மோட்டார் உறுப்புகள் பெரும்பாலும் கப்பலில் வந்திறங்கின. இங்கே அவற்றைப் பூட்டி விற்றனர். அவரோ 1949இல் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பிஸ்டன் என்பது எஞ்சினின் உருளைக்குள் எரிபொருள் வெடிக்கும் விசையை ஏற்று மேலும் கீழும் ஓடும் உறுப்பு. மயிரிழை அளவு பருத்தால் இறுகி நின்றுவிடும். சிறுத்தால் விசை கசிந்து எண்ணெய் வீணாகும். ஆகவே வார்ப்பவர், கடைபவர், அளப்பவர் ஆகிய மூவர் கைத்திறனும் அதற்கு வேண்டும். பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களும் சிம்சனில் உருவாயின. உதிரி உறுப்பு முதல் முழு எஞ்சின் வரை ஒரே வட்டாரத்தில் செய்யும் நிலை இவ்வாறு வந்தது. 1953இல் நடுவணரசு, உள்நாட்டில் உற்பத்தி செய்ய முன்வராமல் உறுப்புகளைப் பூட்டி மட்டும் விற்ற மோட்டார் கம்பெனிகளை விலக்கும் கொள்கையை மேற்கொண்டது. எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வளர்ந்த காலமும் அதுவே.

1960இல் மாசி பெர்கூசன் கம்பெனியின் கூட்டுறவோடு டாஃபே நிறுவனம் எழுந்தது. செம்பியத்தில் உருவான டிராக்டர்கள் வயலுக்குச் சென்றன. அன்னார் 1964 ஏப்ரல் 18 அன்று மறைந்தார். புதல்வர்கள் சிவசைலமும் கிருஷ்ணமூர்த்தியும் பொறுப்பேற்றனர்.