மார்ன் ஆற்றில் மக்கர் செய்த ரெகுலேட்டர்

மஸ்ஜித் இந்தியாவில் ரொட்டி சானாய் கடைகளின் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் எரிவாயு தோம்பைப் பார்த்திருப்பீர்கள். அதன் தலையில் ஒரு ரெகுலேட்டர் இருக்கும். தோம்புக்குள் அடைபட்டிருக்கும் வாயுவின் அழுத்தத்தைத் தணித்து, அடுப்புக்குத் தேவையானதை மட்டும் விடுவது அதன் வேலை. முக்குளிப்பவர்கள் கடலடியில் மூச்சுவிடப் பயன்படுத்தும் ரெகுலேட்டரும் இதற்குச் சொந்தக்காரன்தான். இந்தச் சொந்தத்தை உண்டாக்கிய இருவரில் ஒருவர் ஜாக் கூஸ்தோ.

1910 ஜூன் 11ஆம் நாள் பிரான்சின் போர்தோ நகருக்கு அருகே பிறந்தவர் கூஸ்தோ. கடற்படை அதிகாரியான அவருக்கு விமானியாக வேண்டும் என்பதே ஆசை. 1936இல் நேர்ந்த கார் விபத்தில் கைகள் முறிந்து, அந்த ஆசை கலைந்தது. கைக்குப் பலம் வர தூலோன் கடலில் நீந்தினார். நண்பர் தந்த நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை நீருக்குள் விட்டவர், அந்த உலகத்தை விட்டு வரவே இல்லை.

ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் பார்ப்பது? சுத்த ஆக்சிஜன் கருவியோடு இறங்கிப் பார்த்தார். இரண்டு முறை வலிப்பு வந்தது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது சுத்த ஆக்சிஜனே நஞ்சாகிவிடும். சாதாரணக் காற்றுதான் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. உள்ளே போகும் காற்றும் அதற்கு ஈடாக இல்லாவிட்டால் நெஞ்சு விரியாது.

1942 டிசம்பரில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிசில், எமில் கன்யான் என்ற பொறியியலாளரைச் சந்தித்தார். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கார்களை வாயுவில் ஓட்ட, கன்யான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். அதையே திருத்தி, காற்று அடைத்த உருளைகளில் பொருத்தினார்கள். 1943 ஜனவரிக் குளிரில் மார்ன் ஆற்றில் கூஸ்தோ இறங்கினார்.

படுத்த நிலையில் நீந்தியபோது மூச்சு சீராக வந்தது. நிமிர்ந்தால் காற்று பீறிட்டு வீணானது. தலைகீழாகத் திரும்பினால் உறிஞ்சவே முடியவில்லை. இருவரும் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள்.

வழியில்தான் காரணம் பிடிபட்டது. எந்தப் பாகமும் கெட்டிருக்கவில்லை. காற்று வரும் இடமும் மூச்சு வெளியேறும் துவாரமும் தள்ளித் தள்ளி இருந்தன. நிமிரும்போது துவாரம் மேலே போய்விடுகிறது. அங்கே நீரழுத்தம் சற்றுக் குறைவு, காற்று தானாக ஓடிவிடுகிறது. தலைகீழானால் நேர்மாறு. ஒரு சாண்கூட இல்லாத உயர வித்தியாசம்! பள்ளியில் படிக்கும் அதே நீரழுத்தப் பாடம்தான். இரண்டையும் அருகருகே வைத்ததும் கோளாறு தீர்ந்தது. அந்தக் கோடையில் மத்தியதரைக் கடலில் மீனைப்போல எல்லாப் பக்கமும் புரண்டார் கூஸ்தோ.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1946இல் வோக்லூஸ் ஊற்றின் இருட்டுக் குகைக்குள் கூஸ்தோவும் துய்மாவும் இறங்கினார்கள். ஆழத்தில் இருவருக்குமே புத்தி தடுமாறியது. மேலே கயிற்றைப் பிடித்திருந்த மொரிஸ் ஃபார்க் இழுத்துப் போட்டதால் பிழைத்தார்கள். ரெகுலேட்டரில் பிழையில்லை. காற்று நிரப்பிய கம்ப்ரசர், தன் புகையையே உறிஞ்சி உருளைகளில் அடைத்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு! அடுத்த ஆண்டு, 120 மீட்டர் ஆழத்தை எட்டிய ஒரு சோதனையில் அதே ஃபார்க் இறந்துபோனார். கூஸ்தோவின் படங்களைப் புகழ்பவர்கள் இந்தப் பெயரை அதிகம் சொல்வதில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

பிறகு வந்த புகழை நீங்கள் அறிவீர்கள். கலிப்சோ கப்பல், 1956இல் கான் விழாவின் முதல் பரிசு, 1957இல் ஆஸ்கர். அந்தப் படத்தில் சுறாக்களைக் கொன்ற காட்சிகளை இன்று பார்க்கவே கூசுகிறது. பின்னாளில் அவரே கடலைக் காக்கப் பேசினார். நம் சபாவின் சிப்பாடான் தீவை உலகம் அறியச் செய்ததில் அவருடைய 1989ஆம் ஆண்டுப் படத்துக்குப் பெரிய பங்குண்டு. 1996 ஜனவரியில் கலிப்சோ சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு படகு மோதி மூழ்கியது. 1997 ஜூன் 25இல் கூஸ்தோ பாரிசில் மறைந்தார்.

இன்று சிப்பாடானில் இறங்குபவர்கள், குதிக்குமுன் ரெகுலேட்டரில் சில முறை மூச்சிழுத்து, அழுத்தமானியின் முள் ஆடுகிறதா என்று கவனிக்கிறார்கள். காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் அந்த உருளையை ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.